இடது பக்கம் திரும்பாத வண்டி

"முப்பத்தொரு பேர்," என்றாள் ரெங்கனிஸ். "முப்பத்தொரு பேருக்கு என் விளையாட்ட அனுப்பி, ஆடிப் பாத்துட்டு குறை சொல்லுங்கன்னு கெஞ்சினேன். ஒருத்தர்கூட ஒரு வரி எழுதல. ஒருத்தன் மட்டும் அப்படியே திருடியிருக்கான். அதாவது, ஒருத்தனுக்காவது பிடிச்சிருக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அழுதிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

எங்கள் அலுவலகம் பாண்டுங் நகரத்துச் சிஹாபிட் சந்தையில், மீன் உருண்டை பொரிக்கும் கடைக்கு மேல் மாடி. எந்த வழக்கு வந்தாலும் முதலில் மீன் வாசனைதான் வரும். என் முதலாளியம்மா இமாஸ், இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்துபோன கடைகளுக்குள் நடந்து, எது தானாக எரிந்தது, எது எரிக்கப்பட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தவர். நான் செச்செப். கல்லூரி இதழில் எங்கள் டீனைப் பாராட்டி ஒரு கட்டுரை எழுதியதற்காக நீக்கப்பட்டவன். அவ்வளவு பாராட்டு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"நெங், நிதானமா முதல்லேருந்து சொல்லு," என்றார் இமாஸ். "எனக்கு விளையாட்டுன்னா கேரம் போர்டு மட்டும்தான் தெரியும்." எங்கள் ஊரில் தங்கை நெங், அக்கா தேத்தே, அண்ணன் காங்.

ரெங்கனிஸ் மூன்று வருடமாகத் தனியாக உட்கார்ந்து ஒரு கணினி விளையாட்டு செய்திருக்கிறாள். பெயர் 'இடது, மாங்!' எங்கள் பாண்டுங் ஊரில் அங்கோட் என்கிற ஷேர் வேனில் இறங்க வேண்டியவர்கள் டிரைவர் மாமாவைப் பார்த்துக் கத்துவது அதுதான். 'நிறுத்து' என்று கத்தினால் யாரும் நிறுத்தமாட்டார்கள். விளையாட்டில் நீங்கள் அங்கோட் டிரைவர். பயணிகள் எல்லாம் பேய்கள். இடது ஓரமாக ஒதுங்கி ஏற்றி, அவரவர் வீட்டு வாசலில் இடது ஓரமாக ஒதுங்கி இறக்கிவிட வேண்டும்.

இணையத்தில் விளையாட்டு விற்கும் பெரிய கடை ஒன்று வருடத்துக்குச் சில முறை முன்னோட்டத் திருவிழா நடத்துகிறது. உலகமே வந்து இலவசமாக ஆடிப் பார்த்துவிட்டு, பிடித்ததைக் குறித்துவைத்துக்கொள்ளும். ஒரு விளையாட்டுக்கு ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் அனுமதி. ரெங்கனிஸின் தடவை இது. சேர்வதற்கான கதவு மூடுவது இன்று வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு.

பத்து நாள் முன்பு 'ஊதா இலை' என்று யாருக்கும் தெரியாத ஒரு நிறுவனம் அதே வேன், அதே பேய்கள், அதே தெருக்களோடு ஒரு விளையாட்டை வெளியிட்டது. வெளியிட்ட கையோடு, ரெங்கனிஸ்தான் தங்களைக் காப்பியடித்துவிட்டதாகக் கடையில் புகாரும் கொடுத்தது. கடை அவள் பக்கத்தை மூடிவிட்டது.

"கடைக்கு எழுதினியா?"

"பதினாலு தடவ. பதினாலு தடவையும் ஒரே பதில். 'உங்கள் பொறுமைக்கு நன்றி.' எனக்கு ஏது தேத்தே பொறுமை? இவனுங்க எங்க பாத்தானுங்க அத?"

மணி ஒன்றே முக்கால்.

இமாஸ் இரண்டு மடிக்கணினிகளைப் பக்கம் பக்கமாக வைத்து, இரண்டு விளையாட்டையும் ஆடினார். ஆடினார் என்பது மரியாதைக்காக. ரெங்கனிஸின் வேனை ஒரு பள்ளிக்கூடத்துக்குள் ஓட்டினார். ஊதா இலையின் வேனை அதே பள்ளிக்கூடத்துக்குள் ஓட்ட முயன்று, முடியாமல் நிமிர்ந்தார்.

"இது திரும்பமாட்டேங்குது."

ரெங்கனிஸ் எட்டிப் பார்த்தாள். "ஏ-வ அழுத்துங்க. ஏ தான் இடது. எல்லா ஊர்லயும் அப்படித்தான்."

"அழுத்தறேனே."

ரெங்கனிஸ் தானே அழுத்தினாள். வேன் நேராகப் போய் ஒரு பேயின் மேல் ஏறியது. பேய் என்பதால் சேதமில்லை. பிறகு ஒவ்வொரு கீயாக அழுத்திப் பார்த்ததில், ஊதா இலையில் இடது என்பது க்யூ கீயில் இருந்தது.

"பைத்தியக்காரத்தனம்," என்றாள். "க்யூல வச்சா விரல் சுளுக்கிக்கும். எந்த மடையனும் அங்க வைக்கமாட்டான்."

இமாஸின் முகத்தில் வெளிச்சம் வந்தது. எரிந்த கடையில் ஒரு நாற்காலி மட்டும் எரியாமல் இருப்பதைக் கண்டால் இந்த முகம்தான் வருமாம்.

"திருடறவன் பேர மாத்துவான், கலர மாத்துவான். நல்லா ஓடற ஒண்ண எதுக்கு மெனக்கெட்டு மாத்தறான்? அவனப் பொறுத்தவரைக்கும் அது நல்லா ஓடல. யாரோ ஒருத்தனுக்கு ஏ வேலை செய்யல. டேய் செச்செப், அந்த முப்பத்தொரு பேர் நம்பரும் வாங்கு."

நான் போனை எடுத்தேன். "வணக்கம், கீபோர்டு நல வாரியத்திலிருந்து பேசறோம். உங்க ஏ கீ சௌக்கியமா?"

ஒன்பது பேர் வைத்துவிட்டார்கள். நான்கு பேர் இலவசமாகப் புதிய கீபோர்டு கிடைக்குமா என்றார்கள். ஒருவர் தன் கீபோர்டைவிடத் தன் மனைவிக்குத்தான் சௌக்கியமில்லை என்று ஆரம்பித்து ஆறு நிமிடம் எடுத்துக்கொண்டார். பதினெட்டாவது ஆள் திருப்பிக் கேட்டான்.

"ஏ செத்து ஒரு மாசமாச்சு. தேங்காய்ப்பால் பஜிகூர் கொட்டிடுச்சு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பெயர் டிக்டிக். வீடு அந்தப்பானிப் பகுதியில். வாகனங்களுக்கு ஸ்டிக்கர் அச்சடிப்பவன்.

மழையில் அங்கோட் பிடித்து, நாற்பது நிமிடம் ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். வழி முழுக்க ரெங்கனிஸ் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவன் கழுத்தை மனதில் வைத்துப் பிசைகிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது.

கதவு திறந்திருந்தது. டிக்டிக் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் திரையில் ஊதா இலையின் வேன் ஓடிக்கொண்டிருந்தது. மூலையில் 'முதல் இடம்: டிக்டிக்' என்று மின்னியது.

"பிடிச்சாச்சு தேத்தே," என்றேன். "திருடன் தன் கடையிலேயே கை நனைக்கிறான்."

ரெங்கனிஸ் என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போய் அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள். "ஏன்டா? மூணு வருஷம்டா! ஏன்டா செஞ்ச?"

டிக்டிக் திரும்பிப் பார்த்தான். பயப்படவில்லை. கோபப்பட்டான்.

"நான் கேக்கணும் தேத்தே அத. உங்க விளையாட்டுல எனக்கு வண்டி இடது பக்கம் திரும்பவே இல்ல. ஒரு பேயக் கூட ஏத்த முடியல. காலி வண்டிய ஓட்டிட்டு ஊர் எல்லை வரைக்கும் போனேன். போன்லயே மூணு பக்கம் எழுதினேன் உங்களுக்கு. 'ஏ வேலை செய்யல, க்யூல வைங்க'ன்னு. அப்புறம்தான் என் கீபோர்டுதான் செத்துதுன்னு தெரிஞ்சுது, அது வேற விஷயம். நீங்க ஒரு பதில் போட்டீங்களா? இவங்களப் பாருங்க, நான் கேக்காமலே சரி பண்ணிட்டாங்க. தங்கமான மனுஷங்க."

அவள் காலரை விட்டாள். "மூணு பக்கமா? எனக்கா?"

"உங்க படிவத்துலதான். இதோ."

அவன் காட்டிய சுட்டியில் 'பிழை தெரிவிக்கும் படிவம்' என்று ஒரு பக்கம் திறந்தது. விளையாட்டின் பெயர், எந்த இடத்தில் தகராறு, எப்படி இருந்தால் தேவலை என்று வரிசையாகப் பெட்டிகள்.

"இது நான் அனுப்பினதுதான்," என்றாள் ரெங்கனிஸ், குரல் இறங்கி. "ஆனா இதுல எதுவுமே வரலியே. தினமும் போய்ப் பாத்தேன். காலியா இருந்துது. அதனாலதான் யாரும் ஆடவே இல்லன்னு..."

"படிவம் நீயே செஞ்சதா நெங்?" என்றார் இமாஸ்.

"இல்ல. வெள்ளிப் பொட்டலத்துல வந்தது."

வெள்ளிப் பொட்டலம் தெரியாமல் எங்கள் ஊரில் யாரும் விளையாட்டு செய்ய முடியாது. ஆறு வருடமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஐந்தரை மணிக்கு ஒன்பதாயிரம் பேரின் மின்னஞ்சலுக்கு வந்து விழும். மேல் பாதி செய்தி: எந்தத் திருவிழாக் கதவு எப்போது மூடுகிறது, எந்த மென்பொருள்காரன் எந்த விதியை மாற்றிவிட்டான், எந்த அரசு உதவிக்கு இன்னும் நாள் இருக்கிறது. கீழ்ப் பாதி பயனுள்ளவை: நானூறு வகைக் காலடிச் சத்தம், வெளியீட்டாளரிடம் ஏமாறாமல் கையெழுத்துப் போட மாதிரி ஒப்பந்தம், பிழை தெரிவிக்கும் படிவம். எல்லாம் இலவசம். தயாரிப்பவர் காங் குமிலார், தனி ஆள். தனியாக விளையாட்டு செய்கிறவர்களுக்கு அவர்தான் தபால்காரர், வக்கீல், கம்பவுண்டர்.

இமாஸ் படிவத்தின் தலையில் இருந்த சின்ன எழுத்து வரியில் விரலை வைத்தார். "இத வாசி."

ரெங்கனிஸ் வாசித்தாள். "'முதலில் இதைப் பிரதி எடுத்துக்கொள்ளவும். உங்கள் பிரதியை மட்டுமே அனுப்பவும். மூலத்தை அனுப்பினால் பதில்கள் என்னிடம் வந்துவிடும்.'"

"பிரதி எடுத்தியா?"

"எடுத்தேன். ஆனா..." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "பிரதிய வச்சுக்கிட்டு, மூலத்தோட சுட்டிய அனுப்பியிருக்கேன். யாரு தேத்தே மேல எழுதியிருக்கறதெல்லாம் படிப்பா?"

ஆட வருகிறவர்கள் முதல் பக்கத்துக் குறிப்பைப் படிப்பதில்லை என்று வாரம் ஒரு முறை கூடி ஒப்பாரி வைக்கும் கூட்டம், இந்த விளையாட்டு செய்கிறவர்கள்.

"இவங்க மட்டுமில்ல," என்றான் டிக்டிக் உதவியாக. "நான் நாப்பது விளையாட்டு ஆடிப் பாத்துச் சொல்றவன். எல்லாருமே இதே சுட்டியத்தான் அனுப்பறாங்க."

மணி மூன்று இருபத்தைந்து.

காங் குமிலாரின் வீடு டாகோ மேட்டில். நாலு மணிக்கு இன்னும் சில நிமிடம் இருக்கும்போது கதவைத் தட்டினோம். நாற்பது வயது, கண்ணுக்குக் கீழே இரண்டு பைகள், காலர் கிழிந்த ஸ்வெட்டர். எங்களைப் பார்த்ததும் முதலில் காய்கறி பஜ்ஜித் தட்டை நீட்டினார். எனக்கு அவரை உடனே பிடித்துப்போனது. இது துப்பறிவதில் என் நிரந்தரக் கோளாறு.

"வாங்க, வாங்க. இன்னிக்குப் பொட்டலம் பாதிதான் முடிஞ்சிருக்கு. ஒரு கைல தின்னுக்கிட்டே பேசுங்க."

இமாஸ் ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டார். "உங்க படிவத்துல வர்ற பதிலெல்லாம் எங்க போகுது காங்?"

"ஏதோ ஒரு கணக்குல குவியுது. நான் திறக்கறதே இல்ல. நேரம் எங்கம்மா?"

"இவங்க விளையாட்டு, 'இடது, மாங்!' பாத்திருக்கீங்களா?"

"பேர் கேள்விப்பட்டிருக்கேன். பாவம், ஏதோ புகார்ன்னாங்க."

"அந்த ஊதா இலை வெளியிட்டது?"

"அதுவும் பாக்கல. சிரிப்பா இருக்கும் கேட்டா. வாரம் பூரா விளையாட்டப் பத்தி எழுதறேன், ஒண்ணு ஆடி ஒரு வருஷமாச்சு."

இமாஸ் பெருமூச்சு விட்டார். துப்பு முறிந்துபோன பெருமூச்சு. ரெங்கனிஸ் நகத்தைக் கடிக்க ஆரம்பித்தாள்.

"சரி, வந்ததுக்கு ஒரு உபகாரம் பண்ணுங்க காங். இந்தப் பய என் வயசுக்கு முதல் தெருவே தாண்டமாட்டேன்னு கேலி பண்றான். இது இந்தப் பொண்ணோட அசல். எனக்கு ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்க, அப்புறம் போயிடறோம்."

நான் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனால் சொல்லக்கூடியவன் என்பதால் சும்மா இருந்தேன்.

குமிலார் சிரித்தபடி உட்கார்ந்தார். வேன் கிளம்பியது. நூறடி தள்ளி, இடது ஓரத்தில் முதல் பேய் குடை பிடித்து நின்றது. வேன் அதைத் தாண்டிப் போய்விட்டது. அடுத்த பேய். அதையும் தாண்டியது. குமிலாரின் நெற்றி சுருங்கியது. இடது கை, பழகிய கையாக, ஒரே இடத்தில் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது, இடது பக்கம் திரும்பலயே?"

எல்லோரும் அவர் கையையே பார்த்தோம். அவர் தன் விரலைக் குனிந்து பார்த்தார். அது க்யூவின் மேல் இருந்தது.

வேன் நேராக ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பாலத்தின் சுவரில் முட்டி நின்றது.

"உலகத்துலயே ஒரே ஒரு வண்டிதான் அந்தக் கீல இடது பக்கம் திரும்பும்," என்றார் இமாஸ். "அத நீங்க பாத்ததே இல்லன்னு இப்பத்தான் சொன்னீங்க. ஒரு தடவ ரெண்டு தடவ ஆடினவன் கை அங்க போகாது காங். அத உக்காந்து செஞ்சவன் கை போகும்."

குமிலார் விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அது யாருடையதோ என்பதுபோல.

"மூணு தடவ எழுதினேன்," என்றார் மெதுவாக. "பொட்டலத்துல. 'மூலத்த அனுப்பாதீங்க, எல்லாம் எனக்கு வருது'ன்னு. கொட்டை எழுத்துல. ஒன்பதாயிரம் பேருக்குப் போகுது. ஒருத்தர்கூட படிக்கல. எல்லாருக்கும் சுட்டி மட்டும் போதும், அழுத்திட்டுப் போயிடறாங்க. ஆறு வருஷமா அடுத்தவங்க விளையாட்டு வெளியாச்சுன்னு எழுதறேன். எனக்குன்னு ஒண்ணு முடிக்க முடியல. இதுக்கு நடுவுல எல்லாரோட குறையும், கூடவே விளையாட்டோட சுட்டியும் என் மடில வந்து விழுது. எல்லாத்தையும் படிச்சேன். உன்னுதத்தான் திரும்பத் திரும்பப் படிச்சேன் ரெங்கனிஸ். சொன்ன குறை ஒவ்வொண்ணையும் சரி பண்ணினேன். இல்லாத குறையக் கூட."

"புகார்?" என்றாள் அவள். "புகார் எதுக்குக் குடுத்தீங்க?"

"திருவிழாவுல ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நின்னா, எது அசல்னு பாத்தவுடனே தெரிஞ்சுடும்."

இதைவிடப் பெரிய பாராட்டை அவளுக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். அவள் அவரை அடிக்கக் கை ஓங்கிவிட்டு, பஜ்ஜித் தட்டை எடுத்து ஜன்னலுக்கு வெளியே வீசினாள்.

"புகார வாபஸ் வாங்குங்க. இப்பவே. நாலரை ஆகுது."

"வாங்கலன்னா," என்றார் இமாஸ், "இந்தப் பய அந்த நாப்பது விளையாட்டு செஞ்சவங்களுக்கும் போன் பண்ணுவான். இவன் குரல நீங்க இன்னும் சரியா கேக்கல."

குமிலார் ஊதா இலையின் கணக்கைத் திறந்தார். அடம் பிடிக்கவில்லை. கடையின் வாபஸ் பக்கம் வந்தது. காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. நான்கு காரணங்கள். 'மனம் மாறிவிட்டது.' 'இரு தரப்பும் சமரசம்.' 'தவறுதலாக அனுப்பப்பட்டது.' 'மற்றவை.'

"மற்றவைய அழுத்தி, திருடிட்டேன்னு எழுதுங்க," என்றாள் ரெங்கனிஸ்.

குமிலார் தயங்கித் திரையைக் காட்டினார். 'மற்றவை' என்பதற்குக் கீழே எழுதியிருந்தது: எங்கள் பணியாளர் படித்து முடிவெடுக்க மூன்று வேலை நாள் ஆகும். மற்ற மூன்றுக்கும் உடனடி. மணி நாலு நாற்பத்தொன்று.

"தவறுதலா?" என்றாள் ரெங்கனிஸ். "மூணு வருஷம் நான் சோறு தின்ன நேரம் பாக்காம செஞ்சத எடுத்துக்கிட்டு, என்னையே திருடின்னு சொல்லிட்டு, 'தவறுதலாக'ன்னு ஒரு பொட்டிய அழுத்திட்டுப் போயிடுவாரா? கடைல நாளைக்கு யார் பாத்தாலும் ஏதோ கைப்பிசகுன்னுதான் இருக்கும்!"

"நெங்," என்றார் இமாஸ். "உண்மைய அழுத்தினா புதன்கிழமை ஜெயிப்ப. கதவு இன்னிக்கு மூடுது. நான் சொல்லமாட்டேன். முடிவு உன்னோடது."

இமாஸ் எதையும் நான் சொல்லமாட்டேன் என்று விட்டுவிட்டு நான் பார்த்ததில்லை. ரெங்கனிஸ் குமிலாரின் கையைத் தட்டிவிட்டு மவுஸைத் தானே பிடித்தாள். 'தவறுதலாக அனுப்பப்பட்டது.' அழுத்தினாள். பல்லைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது.

நாலு நாற்பத்து மூன்றுக்கு அவள் பக்கம் திறந்தது. முன்னோட்டத்தை ஏற்றினாள். அந்த மேட்டில் இணையம் மழைக்குப் பயந்து நடக்கும். எண்பது சதவீதத்தில் நின்று யோசித்தது. தொண்ணூற்றொன்றில் மறுபடி யோசித்தது. அந்த நேரத்தில் இமாஸ் குமிலாரிடம் கேட்டு, அவளுக்கு வந்த பிழைக் கடிதங்களைத் திறந்து அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். இருநூற்றுப் பதினாலு வரிகள். அவள் ஒரு கண் சதவீதத்திலும் ஒரு கண் கடிதத்திலுமாக வாசித்தாள்.

"'மூணாவது பேய் காசு குடுக்காம இறங்கிப் போகுது. எங்க ஏரியால அப்படித்தான். மாத்தாதீங்க.'" அவளுக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. "எல்லாரும் ஆடியிருக்காங்க தேத்தே. முப்பத்தொரு பேரும். சில பேர் நாலஞ்சு தடவ."

நாலு ஐம்பத்தாறுக்கு ஏறி முடிந்தது. 'திருவிழாவில் சேர்க்கப்பட்டது' என்று ஒரு வரி வந்தது. அவள் அதைப் பத்து தடவை புதுப்பித்துப் பார்த்தாள். ஐந்து மணி ஆகி, கதவு மூடி, அதற்குப் பிறகும் அந்த வரி அங்கேயே இருந்தது. பிறகுதான் நாற்காலியில் சாய்ந்தாள். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டிய முகம். இன்னும் அந்த 'தவறுதலாக'வை மென்றுகொண்டிருந்தது.

குமிலார் ஊதா இலையின் விளையாட்டைக் கடையிலிருந்து எடுத்துவிட்டு, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கதோஷத்தில் பாதியில் நின்ற வெள்ளிப் பொட்டலத்தைத் திறந்தார்.

"அஞ்சரைக்கு அனுப்பணும்," என்றார், யாரிடமென்று இல்லாமல்.

ரெங்கனிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எழுதுங்க," என்றாள். "'ஊதா இலை என்பது நான்தான். இடது, மாங்! ரெங்கனிஸ் செய்தது, நான் திருடினேன். உங்கள் நாற்பது விளையாட்டுகளின் பிழைக் கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன. அவரவருடையதை இன்றே அனுப்பிவைக்கிறேன்.' கீழ உங்க பேரு. முழுப் பேரு."

அவர் எழுதினார். ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்ததைத் தானே சேர்த்தார். இமாஸ் தோளுக்கு மேல் நின்று வாசித்துத் தலையசைத்தார். குமிலார் விரல்களைக் கீபோர்டிலிருந்து எடுக்காமல், ஆறு வருடப் பத்திரிகையாசிரியராக, ரெங்கனிஸைத் திரும்பிப் பார்த்தார்.

"இத செய்தில போடவா, பயனுள்ளவைல போடவா?"

"ரெண்டுலயும்," என்றாள் அவள்.